பெரியப்பாவின் பிடிலும் பரணில் 30 கேசட்டும்

கேள்வி: நார்வேயிலிருந்து அமெரிக்காவில் குடியேறிய குடும்பத்துப் பிடில்காரர் ஒருவரின் இசையை அங்கே சேகரித்து வைத்திருப்பதாகப் படித்தேன். எப்படிச் செய்கிறார்கள்? எங்கள் பெரியப்பா மாட்டுங்கா பஜனைகளில் பிடில் வாசித்தவர். அவருடைய 30 கேசட்டுகள் பரணில் கிடக்கின்றன.
– வாசகி, செம்பூர், மும்பை

பதில்: முதலில் அவற்றைப் பரணிலிருந்து இறக்குங்கள். மும்பை மழைக்கால ஈரத்தில் டேப்பில் பூஞ்சை பிடித்தால் ஓரத்தில் வெள்ளையாகத் தெரியும், அந்தக் கேசட்டை ஆசைக்குக்கூடப் போட்டுக் கேட்காதீர்கள், பிளேயரின் ஹெட் வழியாக அடுத்த கேசட்டுக்கும் ஒட்டிக்கொள்ளும்.

சரி, நார்வேக்காரர்களுக்கு வருவோம். அவர்களுடைய ஹார்டாங்கர் பிடிலில் வில் படும் தந்திகள் 4, அவற்றுக்கு அடியில் வில் படாமலே கூடச் சேர்ந்து ஒலிக்கும் தந்திகள் 4 அல்லது 5. சாரங்கி கேட்டவர்களுக்கு அந்தக் கார்வை உடனே பிடிபடும். மெட்டுகள் எல்லாம் கேள்வி ஞானமாக, ஒருவரிடமிருந்து ஒருவருக்கு வந்தவை. நார்வேயில் டெலிமார்க்கைச் சேர்ந்த பிடில்காரர் க்னூட் டாலே, தன்னோடு இவை போய்விடுமோ என்று பயந்து இசையமைப்பாளர் கிரீகுக்குக் கடிதம் எழுதினார். 1901-ல் வயலின் கலைஞர் யோகான் ஹல்வோர்சன், டாலே வாசிக்க வாசிக்கக் கேட்டு எழுதிக்கொண்டார், 1903-ல் கிரீகின் பியானோ வடிவம் வெளிவந்தது. அருமையான காரியம்தான், ஆனாலும் 'ஸ்பிரிங்கார்' என்ற அவர்களுடைய ஆட்டத்தில் சில ஊர்களில் தாளத்தின் மூன்று அடிகளும் ஒரே நீளமாக இருக்காது, பிடில்காரரின் கால் தரையில் தட்டுவதைக் கேட்டால்தான் அது புரியும், நொட்டேஷனில் வராது. அதனால்தான் ஒலிப்பதிவு முக்கியம். அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹெலீன் ஸ்ட்ராட்மன்-தாமஸ் 1940, 1941, 1946-ல் ரெக்கார்டிங் கருவியோடு அந்த மாநிலத்தில் ஊர் ஊராகப் போய், குடியேறியவர்களின் பாட்டையும் வாத்தியத்தையும் அமெரிக்க நாடாளுமன்ற நூலகமான காங்கிரஸ் நூலகத்துக்காகப் பதிவு செய்தார்.

உங்கள் வேலை அதைவிடச் சுலபம், பதிவு கையிலேயே இருக்கிறது. கேசட்டின் மேல்விளிம்பில் உள்ள சின்ன பிளாஸ்டிக் துண்டுகளை உடைத்துவிடுங்கள், தவறிக்கூட மேலே பதிவாகாது. 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் வேவ் ஃபைலாக மாற்றுங்கள், எம்பி3 வாட்ஸ்அப்பில் அனுப்ப மட்டும். மூலப் பிரதியில் இரைச்சலைத் துடைக்காதீர்கள், ஜால்ராவும் நடுவில் யாரோ "இன்னொரு தடவை" என்று கேட்பதும் அந்தப் பஜனையைச் சேர்ந்தவைதானே. மூன்று பிரதி எடுத்து, ஒன்றை வேறு ஊரில் இருக்கும் உறவினரிடம் கொடுத்து வையுங்கள். கேசட்டுகளையும் தூக்கிப் போட வேண்டாம்.

அப்புறம், பெரியப்பாவோடு உட்கார்ந்து வாசித்தவர் யாராவது இருந்தால், முதல் கேசட்டை ஓட்டும்போதே அவரைப் பக்கத்தில் உட்கார வைத்து, போனில் ரெக்கார்டரைப் போட்டுவிட்டு, எந்தப் பாட்டு யாரிடம் கற்றது என்று கேளுங்கள்.