விற்பவர் சொல்லும் ‘பெட்டி’ எது?

கேள்வி: எங்கள் அரை ஏக்கர் தென்னந்தோப்பில் தேனீ வளர்க்க எண்ணி, மார்த்தாண்டம் பகுதியில் இருவரிடம் விலை கேட்டேன். இருவரும் “ஒரு பெட்டி” என்றுதான் சொன்னார்கள்; ஆனால் ஒருவர் விலை மற்றவர் விலையைப் போல் இரு மடங்கு இருக்கிறது. பக்கத்துத் தோப்புக்காரரோ, “மேல் பெட்டியும் சேர்த்துத்தானா என்று கேளுங்கள்” என்கிறார். நான் எதைக் கேட்டு வாங்குவது? ஒன்று போதுமா?

பதில்: இருவரும் உங்களை ஏமாற்றவில்லை என்றே நினைக்கிறேன், அவர்கள் வெவ்வேறு பொருளுக்கு விலை சொல்லியிருக்கிறார்கள். தச்சுப் பட்டறையில் பெட்டி என்றால் அடிப்பலகை, புழு அறை, தேன் அறை, ஈக்கள் அடை கட்டுவதற்கான சட்டங்கள், மேல்மூடி ஆகியவை சேர்ந்த வெறும் மரச்சாமான். அதில் ஓர் ஈகூட இராது. தேனீ வளர்ப்பவர் அதே சொல்லைச் சொல்லும்போது, ராணியும் வேலைக்காரத் தேனீக்களும் புழுக்களும் மெழுகு அடையுமாக உள்ளே வாழ்கிற கூட்டத்தையே கருதுகிறார். “நேற்று இரண்டு பெட்டி ஓடிவிட்டது” என்று அவர் வருத்தப்பட்டால், மரப்பெட்டிகள் இருந்த இடத்திலேயே இருக்கின்றன, கூட்டங்கள்தாம் போய்விட்டன என்று பொருள். “பெட்டி பிரிக்கிறோம்” என்றாலும் அப்படியே. ஒரு கூட்டத்தின் அடைகளையும் ஈக்களையும் பங்கிட்டு இரண்டாக்குகிறார்கள். தேசியத் தோட்டக்கலைத் திட்டங்களின் மானியப் பட்டியலில் கூட்டமும் பெட்டியும் தனித்தனி இனங்களாக இருப்பதற்குக் காரணம் இதுதான்.

உங்கள் பக்கத்துத் தோப்புக்காரர் சொன்ன ‘மேல் பெட்டி’ என்பது தேன் அறை. தமிழ்நாட்டில் இந்தியத் தேனீக்குப் பரவலாகப் பயன்படும் நியூட்டன் பெட்டியில் புழு அறைச் சட்டத்தின் உள்ளளவு 20.6 செ.மீ. நீளம், 14.4 செ.மீ. உயரம், தேன் அறைச் சட்டத்துக்கு அதே நீளம், உயரம் மட்டும் 6.2 செ.மீ. கீழே ராணி முட்டையிட்டுக் குஞ்சு வளர, மேலே தேன் சேரும். சிலர் கூட்டத்தைப் புழு அறையோடு மட்டும் விற்று, தேன் அறைக்குத் தனியாக விலை வைப்பார்கள். தாங்கியும், அதன் கால் நிற்க வேண்டிய நீர்க்கிண்ணமும் பெரும்பாலும் கணக்கில் வருவதில்லை. எறும்பு ஏறிய பிறகுதான் அவற்றின் நினைவு வரும்.

“பெட்டி நிறைந்துவிட்டது” என்ற பேச்சையும் காலம் பார்த்தே புரிந்துகொள்ள வேண்டும். குமரி மாவட்டத்தில் மழைக்காலத்துக்குப் பின் கூட்டம் பெருகும் மாதங்களில் ஒருவர் அப்படிச் சொன்னால், ஈக்கள் நெருக்கியடிக்கின்றன, கூட்டம் தானே பிரிந்து பறப்பதற்குள் நாம் பிரித்துவிட வேண்டும் என்கிறார். ரப்பர் மரம் புதுத்துளிர் விட்டு இலைக்காம்பில் மதுரம் சுரக்கும் பிப்ரவரி, மார்ச்சில் அதையே சொன்னால், தேன் அறை நிரம்பிவிட்டது, எடுக்கலாம் என்கிறார். ‘ஒரு பெட்டிக்கு இத்தனை கிலோ’ என்ற விளம்பரக் கணக்கில் எனக்கு நம்பிக்கை குறைவு. அந்தப் பெட்டி பருவத் தொடக்கத்தில் இருந்த கூட்டமா, பிரித்துப் பெருக்கிய கூட்டமா, தேன் கிடைத்த கூட்டம் மட்டுமா என்று சொல்பவர் அரிது.

ஆகவே விலை பேசும்போது பெட்டியை விட்டுவிட்டுச் சட்டக் கணக்கில் பேசுங்கள். அதிலும் “எத்தனை சட்டம்?” என்று கேட்டால் போதாது. ஏழு சட்டம் தொங்கினாலும் மூன்றில்தான் அடை கட்டியிருக்கலாம். “ஈ மூடிய அடை எத்தனை, அதில் புழு உள்ள அடை எத்தனை?” என்பதே கேள்வி. இத்தாலியத் தேனீ வளர்க்கும் லாங்ஸ்ட்ராத் பெட்டியின் சட்டம் வெளியளவில் 44.8 செ.மீ. நீளம், 23.2 செ.மீ. உயரம் உடையது, பரப்பில் நியூட்டன் புழு அறைச் சட்டத்தைப் போல் ஏறக்குறைய மூன்று மடங்கு. எனவே எந்தத் தேனீ, எந்தப் பெட்டி என்பதையும் முதலிலேயே தெளிவாக்கிக்கொள்ளுங்கள். கொட்டாத சிறு ஈயான கொசுத் தேனீயின் பெட்டியில் சட்டமே கிடையாது என்பதால் அங்கே இந்தக் கணக்கு செல்லாது.

பகலில் போய், பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். நடுச் சட்டம் ஒன்றைத் தூக்கி, வெயில் உங்கள் தோளுக்குப் பின்னாலிருந்து அடையின் கண்ணறைகளுக்குள் விழும்படி சாய்த்துப் பாருங்கள். கண்ணறையின் அடியில் சிறு வெள்ளை நூல் துண்டு போல முட்டை நிமிர்ந்து நின்றால், அது அன்றோ முந்தைய நாளோ இட்டது. ராணியைக் கண்ணால் காணாவிட்டாலும் அவள் இருக்கிறாள் என்று நம்பலாம். புழு வளரும் மூடிய கண்ணறைகள் இடைவெளியின்றித் திட்டாக இருக்க வேண்டும். புழுக்கள் கண்ணறைக்குள் மல்லாந்து நீண்டு, தலை மேல்நோக்கி நிமிர, நீர் கோத்த பையாகச் செத்துக் கிடந்தால், அது தாய்லாந்து சாக்புரூட் என்னும் வைரஸ் நோயின் அடையாளம். 1990களின் தொடக்கத்தில் தென்னிந்தியாவின் இந்தியத் தேனீக் கூட்டங்களைப் பெருமளவில் அழித்த நோய் அது. விலை எவ்வளவு குறைந்தாலும் அந்தத் தோப்பிலிருந்து எதையும் வாங்காதீர்கள்.

ரசீதில் ‘பெட்டி 1’ என்று எழுத விடாமல், ‘நியூட்டன் பெட்டி, தேன் அறையுடன்; முட்டையிடும் ராணியுள்ள இந்தியத் தேனீக் கூட்டம், ஈ மூடிய அடை ஐந்து’ என்பதுபோல எழுதி வாங்குங்கள். ஈக்கள் அடைந்த பின், மாலையில் வாசலை வலையால் மூடி எடுத்து வாருங்கள்.

எண்ணிக்கையைப் பொறுத்தவரை, அரை ஏக்கருக்கு ஒரு கூட்டமே வேலை செய்யும். ஆனால் புதிதாகத் தொடங்குகிறவருக்கு நான் இரண்டையே சொல்வேன். ஒன்றில் ராணி இறந்துபோனால் மற்றதிலிருந்து முட்டையும் இளம்புழுவும் உள்ள ஓர் அடையை எடுத்து, ஈக்களை உதறிவிட்டு, அதில் வைக்கலாம். ராணியற்ற ஈக்கள் அந்தப் புழுக்களில் சிலவற்றைக் கொண்டு புது ராணியை வளர்த்துக்கொள்ளும்.