வலப்பக்க இருக்கை

அன்புள்ள ஐயா,

நான் விமானப் படையில் போர் விமானி, விங் கமாண்டர், வயது 43. சென்ற ஆண்டோடு 20 ஆண்டு சர்வீஸ் முடிந்து பென்ஷனுக்குத் தகுதி வந்துவிட்டது. வெளியே வந்து ஏர்லைனில் சேரலாமா என்று வீட்டில் தினமும் பேச்சு. பிள்ளைகளுக்கு இதுவரை நான்கு பள்ளி மாற்றியாயிற்று, இனி முடியாது என்கிறாள் மனைவி. அப்பா ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். "நாட்டைக் காத்தவன் பஸ் ஓட்டப் போறியா?" என்று கேட்கிறார். 2,400 மணி நேரம் பறந்த நான் அங்கே போனால் முதலில் வெறும் கோ-பைலட்தான். எனக்கு முன்னால் போன நண்பனுக்கு முதல் மாதமே 29 வயதுக் கேப்டன் (பெண்) வாய்த்தாராம். சம்பளம், பரீட்சைகள், வயது என்று எதை எடுத்தாலும் குழப்பமாக இருக்கிறது. நீங்களும் விமானப் படையில் இருந்தவர் என்று உங்கள் கட்டுரைகளில் படித்திருக்கிறேன். போகலாமா? வெறும் ஆட்டோபைலட்டைப் பார்த்துக்கொண்டு உட்காரும் வேலையில் பறப்பது என்று ஒன்று மிஞ்சுமா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

முதலில் 'மதிப்பிற்குரிய சார்' என்றுதான் எழுதினேன், அப்புறம் அடித்துவிட்டேன். நான் ஏர்ஃபிரேம் ஃபிட்டராக, அதாவது விமானத்தின் உடற்பகுதியைப் பராமரிக்கும் மெக்கானிக்காகச் சேர்ந்து சார்ஜென்டாக வெளியே வந்தவன். முப்பது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது, ஆனாலும் மின்னஞ்சலில் 'விங் கமாண்டர்' என்ற சொல்லைப் பார்த்ததும் நாற்காலியில் முதுகு தானாக நிமிர்ந்தது. அந்த முதுகோடுதான் இந்தப் பதிலை எழுதுகிறேன் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் திட்டுவேன்.

சம்பளத்தைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள், உங்கள் நண்பரிடம் கேளுங்கள். பரீட்சைக்கும் பயப்படாதீர்கள். ஏர்லைன் கேப்டன் ஆவதற்கான ஏடிபிஎல் உரிமத்துக்கு 1,500 மணி நேரம் பறந்திருக்க வேண்டும், அது உங்களிடம் இருக்கிறது. வழிகாட்டல், வானிலை, ரேடியோ என்று தாள்கள் இருக்கின்றன, 43 வயதில் இரவு உட்கார்ந்து படித்தால் கண்தான் கொஞ்சம் எரியும். வயதும் ஒரு பிரச்சினை இல்லை. 65 வரை ஓட்டலாம், இன்னும் 22 வருடம் இருக்கிறது. பிள்ளைகளின் பள்ளி விஷயத்தில் உங்கள் மனைவி சொல்வதுதான் சரி, அதில் எழுத்தாளனுக்கு வேலை இல்லை.

அப்பாவிடம் மட்டும் ஒன்று சொல்லுங்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்கு மழை நாளில், பனிமூட்டத்தில், முன்னால் போகிற லாரியின் பின்விளக்கு மட்டும் தெரிய, அறுபது பேரை ஏற்றிக்கொண்டு போகிற ஓட்டுநரின் பக்கத்து சீட்டில் ஒரு முறை உட்கார்ந்து பார்க்கச் சொல்லுங்கள். பஸ் ஓட்டுவதை வசையாகச் சொல்கிறவர்கள் எல்லோரும் பஸ்ஸில் தூங்குகிறவர்கள்.

சரி, உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது வேறு. 'வெறும்' என்ற சொல் இரண்டு இடத்தில் வருகிறது: வெறும் கோ-பைலட், வெறும் ஆட்டோபைலட். அப்புறம் அந்த அடைப்புக்குறி. 29 வயது என்று எழுதியதோடு விஷயம் முடிந்துவிட்டது, 'பெண்' என்று அடைப்புக்குறி போட்டு எழுதியது யாருக்காக? எனக்கா, உங்களுக்கா? அவர் இருபது வயதிலிருந்து இதே விமானத்தை இதே ஓடுபாதைகளில் இறக்கிக்கொண்டிருக்கிறார். உங்கள் சார்ட்டி, ஒரு முறை பறந்து திரும்புவது, முக்கால் மணி நேரம், ஒரு மணி நேரம். ஏர்லைனில் ஆண்டுக்கு 1,000 மணி நேரம்தான் உச்சவரம்பு, அதை ஒட்டியே பலர் பறக்கிறார்கள். இருபது வருடத்தில் நீங்கள் சேர்த்த கணக்கை அந்தப் பெண் இரண்டரை மூன்று வருடத்தில் சேர்த்திருப்பார். உங்கள் மணி நேரத்தின் கனம் வேறு, ஒத்துக்கொள்கிறேன். தலைகீழாகத் திரும்பி, உடம்பின் எடை ஆறேழு மடங்காகி, ரத்தம் காலுக்கு இறங்காமல் வயிற்றை இறுக்கிக்கொண்டு பறந்த மணி நேரம் அது. ஆனால் அந்த வித்தையில் பெரும்பகுதி புதிய வேலையில் தேவைப்படாது. தேவைப்படுகிற ஒன்று உங்களிடம் இருக்கிறதா என்பதுதான் என் சந்தேகம்.

சில நாட்களாகவே இதை நினைத்துக்கொண்டிருந்தேன், அப்போது பார்த்து உங்கள் கடிதம் வந்தது. 2009 ஜனவரி 15 அன்று நியூயார்க்கில் கிளம்பிய ஒரு ஏ320 விமானத்தின் இரண்டு இன்ஜினுக்குள்ளும் வாத்துக் கூட்டம் புகுந்தது. 155 பேரோடு ஹட்சன் ஆற்றில் இறக்கி, ஒருவர்கூடச் சாகாமல் காப்பாற்றினார்கள். கேப்டன் சல்லன்பெர்கர் உங்கள் ஜாதி, அமெரிக்க விமானப் படையில் எஃப்-4 ஃபேன்டம் ஓட்டியவர். ஆற்றில் இறக்கியதைத்தான் எல்லோரும் பேசுகிறார்கள். நான் திரும்பத் திரும்பப் போய் நிற்பது வேறு இடத்தில். காக்பிட் ஒலிப்பதிவின் எழுத்து வடிவம் பொதுவில் கிடைக்கிறது. தண்ணீரைத் தொடுவதற்குச் சில நொடிகள் முன்னால், அந்த மனிதர் பக்கத்தில் இருந்தவரிடம் "வேறு யோசனை ஏதாவது இருக்கா?" என்று கேட்கிறார். கோ-பைலட் ஸ்கைல்ஸ் "உண்மையில் இல்லை" என்கிறார்.

அவ்வளவுதான் உரையாடல். அந்த பதிலால் ஒரு பயனும் இல்லை, விமானம் ஆற்றை நோக்கித்தான் போனது. ஆனால் கேட்டது யார், யாரிடம் என்று பாருங்கள். சல்லன்பெர்கர் கிட்டத்தட்ட 20,000 மணி நேரம் பறந்தவர். ஸ்கைல்ஸும் பழம்பெரும் விமானிதான், ஆனால் ஏ320-இல் அவருக்கு அன்றைக்கு 37 மணி நேர அனுபவம். அந்த 37 மணி நேரத்திடம்தான் இவர் யோசனை கேட்கிறார். போர் விமானத்தில் பழகியவருக்கு அந்த நொடியில் அந்த வாக்கியம் வாயில் எப்படி வந்தது? பிறவிக் குணமாக இருக்காது. வருடக்கணக்காக சிமுலேட்டரில் உட்கார வைத்து, பக்கத்து ஆளிடம் கேள், பக்கத்து ஆள் சொன்னால் நிறுத்து என்று மண்டையில் ஏற்றியிருக்கிறார்கள்.

இதன் மறுபக்கத்தையும் எழுதித்தான் ஆக வேண்டும், கஷ்டமாக இருந்தாலும். 2020 ஆகஸ்ட் 7, கோழிக்கோடு. கொரோனா காலத்தில் துபாயிலிருந்து ஊர் திரும்பிக்கொண்டிருந்தவர்கள், 190 பேர். கேப்டன் நம் விமானப் படையில் சோதனை விமானியாக இருந்தவர், எல்லோரும் மதித்தவர். மலை உச்சியைச் சீவி வைத்தது போன்ற ஓடுபாதை, மழை, இருட்டு, பின்னாலிருந்து தள்ளுகிற காற்று, முதல் முறை இறங்க முயன்றபோது கேப்டன் பக்கத்து வைப்பர் நின்றுபோனது. அதுவும் போதாமல், மறுநாள் காலை விமானத்துக்குக் கேப்டன் பற்றாக்குறை என்ற நெருக்கடி. இரண்டாம் முறை விமானம் ஓடுபாதையில் பாதி தாண்டித்தான் தரையைத் தொட்டது. அதற்குள் கோ-பைலட் 'கோ-அரவுண்ட்', அதாவது இறங்காமல் மேலே போய்ச் சுற்றி வரலாம் என்று சொல்லியிருக்கிறார். விமானம் மேலே போகவில்லை. இரண்டு விமானிகள் உட்பட 21 பேர் போனார்கள். விசாரணை அறிக்கை 2021-இல் வந்தது. நிலைப்படாத இறக்கத்தைத் தொடர்ந்ததும், கோ-அரவுண்ட் என்று சொன்ன பிறகும் இறங்கியதும் காரணம் என்று எழுதிய கையோடு, சொன்னவர் கட்டுப்பாட்டைத் தன் கையில் எடுத்திருக்க வேண்டும், எடுக்கவில்லை என்றும் எழுதினார்கள். நிர்வாகத்தின் குறைகளையும் சொல்லியிருந்தார்கள்.

அந்த வரியைப் படித்துவிட்டு அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. இறந்தவரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அன்றைய மழையில் அந்த நாற்காலியில் உட்காராத எவனுக்கும் அந்த உரிமை கிடையாது. என் மனசு போனது கோ-பைலட் உட்காரும் வலப்பக்க இருக்கைக்கு. கேப்டனைவிட மிகவும் இளையவர், பக்கத்தில் இருப்பவரோ பெரிய பெயர். வாயைத் திறந்து சொன்னதே பெரிது, கையை நீட்டிக் கட்டுப்பாட்டை எடுப்பது என்றால்? நம் ஊரில் மாமனார் தப்பான தெருவில் காரைத் திருப்பினால்கூட "இந்தப் பக்கமும் போகலாம் போல" என்றுதானே சொல்வோம்?

நீங்கள் வெறும் கோ-பைலட் என்று எழுதியது அந்த இருக்கையைத்தான், ஆர். ஏர்லைன்காரர்கள் 1,000 அடியில் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறார்கள். வேகம், சக்கரம், இறக்கையின் மடிப்பான ஃபிளாப், இறங்குகிற விகிதம் எல்லாம் அந்தக் கோட்டில் சரியாக இருக்க வேண்டும், இல்லையென்றால் யோசிக்காமல் மேலே போய்ச் சுற்றி வர வேண்டும். உங்கள் உலகத்தில் போன காரியத்தை முடிக்காமல் திரும்பினால் மெஸ்ஸில் கிண்டல் செய்வார்கள். இங்கே சுற்றி வருவதே வேலையில் ஒரு பகுதி. பக்கத்து ஆள் சொல்லிவிட்டால் விவாதமே கிடையாது. உங்களுக்கு அது வலிக்கும். ஆனால் பக்கத்தில் இருப்பவர் 29 வயதாக இருக்கும்போதே அது வலித்து முடிந்துவிட்டால் நல்லது. நீங்கள் 55 வயதுக் கேப்டனாகி, 24 வயதுப் பையன் வலப்பக்கத்தில் எச்சிலை விழுங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது முதல் முறையாக வலித்தால் ஆபத்து. ஆபத்தில் உங்களை வெளியே வீசிக் காப்பாற்ற இருக்கைக்கு அடியில் ராக்கெட்டும் இருக்காது, பின்னால் 180 பேர் இருப்பார்கள்.

என் கதைக்கு வருகிறேன். எந்த நிலையம் என்று சொல்ல மாட்டேன். 1986. கிரண் பயிற்சி விமானங்கள். நான் கார்ப்பொரல். காலை முதல் சார்ட்டி, விமானியைப் பெல்ட் போட்டு இறுக்கி, வெளியே வீசும் அந்த ராக்கெட் இருக்கையின் பாதுகாப்பு ஊசிகளைப் பிடுங்கி, சிவப்புப் பட்டை தொங்க அவர் முகத்துக்கு நேரே காட்டிவிட்டு இறங்கிவிட்டேன். இன்ஜின் ஓடுகிறது. சும்மா டூல்பையை எண்ணினேன், ஒரு ஸ்க்ரூடிரைவர் குறைந்தது. திரும்ப எண்ணினேன். குறைந்தது. ஓடிப்போய் முன்னால் நின்று, கழுத்தை அறுப்பது மாதிரி கையை இழுத்துக் காட்டினேன். இன்ஜினை நிறுத்து என்று அதற்கு அர்த்தம். ஒரு ஸ்குவாட்ரன் லீடரைப் பார்த்து ஒரு கார்ப்பொரல் அப்படிக் காட்டுவது எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். அவர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை, நிறுத்திவிட்டார். இறங்கி வந்தார், காரணம் கேட்டார், இறக்கை நிழலில் உட்கார்ந்துகொண்டார். நாற்பது நிமிடம் தேடினோம். பக்கத்து ஃபிட்டரின் பையில் இருந்தது அது. நான்தான் காலையில் கடன் கொடுத்திருக்கிறேன். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவர் எழுந்து பின்புறத் தூசியைத் தட்டிக்கொண்டு, "அப்போ இன்னைக்கு டீ உன் கணக்கு" என்றார். வாங்கிக் கொடுத்தேன், இரண்டு சமோசாவோடு.

இந்தக் கதையை மேடையில் நாலைந்து தடவை சொல்லியிருக்கிறேன். கைதட்டுவார்கள். சொல்லாத கதை ஒன்று உண்டு, அதே வருடம்.

வேறொரு ஸ்குவாட்ரன் லீடர். நல்ல விமானி, ஆனால் சுள்ளென்று விழுவார். அதற்கு முந்தின வாரம்தான் ஒரு பையன் ஏதோ சந்தேகம் கேட்டதற்கு எல்லோர் முன்னாலும் "ஏரோபிளேனை நீ ஓட்டுறியா, நான் ஓட்டட்டுமா?" என்று கேட்டிருந்தார். அன்றைக்கு அவர் விமானத்தின் இடது சக்கரக் காலில் சிவப்பாக ஈரம் பார்த்தேன், ஹைட்ராலிக் எண்ணெய், ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு. சார்ஜென்ட் ஏற்கெனவே பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டார். பழைய கசிவாக இருக்கும், துடைக்காமல் விட்டிருப்பார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஊசிகளைக் காட்டினேன், சல்யூட் அடித்தேன், போய்விட்டார்.

ஐம்பது நிமிடம். கழிப்பறைக்குக்கூடப் போகாமல் தார்ப்பரப்பில் நின்றேன். ஏன்டா வெயிலில் நிற்கிறாய் என்று கேட்டவனிடம் தலைவலி என்றேன்.

வந்தார். மூன்று சக்கரமும் ஒழுங்காக இறங்கின. விமானத்தின் பராமரிப்புப் பதிவேடான ஃபார்ம் 700-இல் குறை ஒன்றும் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார், "நல்ல மெஷின்" என்று என் தோளைத் தட்டிவிட்டு நடந்தார். பஞ்சை எடுத்துக்கொண்டு சக்கரத்துக்குக் கீழே குனிந்தேன். ஈரம் உள்ளங்கை அளவுக்கு வந்திருந்தது.