பிரீகாஸ்ட் கட்டட வேலைக்குப் போக ஆசைப்படும் மகளுக்கு எந்தப் படிப்பு?

அண்ணாச்சி, மகள் பிளஸ் டூவில் கணக்கு எடுத்திருக்கிறாள், பிரீகாஸ்டில், அதாவது தூண், சுவர்ப் பலகை, தளம் எல்லாவற்றையும் வேறிடத்தில் முன்கூட்டியே காங்கிரீட்டில் வார்த்துக் கொண்டுவந்து பொருத்தும் முறையில், தூணும் சுவரும் மறிக்காத பெரிய ஹால் கட்ட வேண்டும் என்கிறாள். ஆர்க்கிடெக்சரா, சிவிலா என்று கேட்டிருந்தீர்கள். அவள் ஆசைப்படுவது திறந்த தளம். எடையைத் தூண்கள் வாங்கிக்கொண்டால் சுவர் வெறும் தடுப்பு. இஷ்டப்பட்ட இடத்தில் வைக்கலாம். 1914-இல் கட்டடக் கலைஞர் லெ கொர்புசியே வரைந்த டோம்-இனோ என்ற வீட்டுச் சட்டகத்தில் இருந்ததும் தளங்கள், தூண்கள், ஒரு படிக்கட்டு, அவ்வளவுதான்.

ஆனால் பிரீகாஸ்ட் என்றாலே திறந்த தளம் என்று அவள் நினைத்துவிடக் கூடாது. சுவர்ப் பலகைகளே எடை தாங்கும் முறையில் ஒரு சுவரைக்கூடப் பின்னால் இடிக்க முடியாது. தூண், பீம், மேலே ஹாலோகோர் ஸ்லாப் என்று போனால்தான் ஹால் விரியும். நீளவாக்கில் துளை விட்ட இந்த ஸ்லாப் எடை குறைவு. 8 மீட்டர் இடைவெளியை நடுவில் தூண் இல்லாமல் தாண்டும்.

இந்தத் தொழிலின் உயிர் இணைப்பில் இருக்கிறது. லண்டனில் 1968-இல் ரோனன் பாயிண்ட் என்ற 22 மாடிக் கட்டடத்தில், 18-ஆம் மாடியில் எரிவாயு வெடித்து ஒரு சுவர்ப் பலகை வெளியே போனது. அதன்மேல் நின்ற மாடிகள் சரிந்து, விழுந்த எடையில் கீழ் மாடிகளும் ஒரு மூலையில் இடிந்தன. நால்வர் இறந்தார்கள். பலகைகளைப் பிணைத்த இணைப்புகள் பலவீனமாக இருந்தன.

நம் ஊர் சைட்டிலும் தவறு அங்கேதான் நடக்கும். அஸ்திவாரத்தில் நிற்கும் கம்பி பலகையின் அடியில் விட்ட குழாய்க்குள் இறங்கினால்தான் இணைப்பு; 15 மில்லிமீட்டர் விலகினாலே இறங்காது. உடனே கம்பியை வளைப்பார்கள், சிலர் அறுத்தே விடுவார்கள். காங்கிரீட் போடும்போதே துளையிட்ட இரும்புத் தகட்டை வைத்துக் கம்பியைப் பிடித்திருந்தால் இந்த வினை வராது. குழாயை நிரப்பும் சிமென்ட் குழம்பான கிரவுட் நம் சித்திரை வெயிலில் சீக்கிரம் இறுகும். தண்ணீரைக் கூட்டினால் வலு போய்விடும். காலையிலேயே, குளிர்ந்த நீரில் கலக்க வேண்டும்.

கணக்கும் பழக வேண்டும். 3 மீட்டருக்கு 3 மீட்டர், 150 மில்லிமீட்டர் கனமுள்ள பலகை சுமார் 3.4 டன். கிரேனில் இரண்டு ஸ்லிங் (தூக்கும் கயிறு) கட்டித் தூக்கும்போது கிடைமட்டத்திலிருந்து 60 பாகையில் ஒவ்வொன்றிலும் சுமார் 2 டன் இழுக்கும். 30 பாகைக்குப் படுத்துவிட்டால் ஒவ்வொன்றும் முழு 3.4 டன்னையும் தாங்க வேண்டும்.

இந்தக் கணக்கில் அவளுக்கு ருசி இருந்தால் சிவில்தான் சரி. நான்கு வருடம், திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரியிலேயே இருக்கிறது. இடத்தை வடிவமைப்பதில்தான் மனம் போகிறது என்றால் ஐந்து வருட பி.ஆர்க், அதற்கு நாட்டா என்ற கட்டடக்கலை நுழைவுத் தேர்வோ ஜே.இ.இ. இரண்டாம் தாளோ எழுத வேண்டும். கைப்பணம் இறுக்கமாக இருந்தால் முதலில் டிப்ளமோ முடித்து, பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். அதில் குறைச்சல் ஒன்றும் இல்லை. எந்த வழியில் போனாலும் காங்கிரீட்டுக்கான ஐ.எஸ். 456, பிரீகாஸ்டுக்கான ஐ.எஸ். 15916 என்ற இந்தியத் தர விதிநூல்கள் இரண்டையும் கல்லூரி முடிக்குமுன் படித்துவிடட்டும். ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன்: வேலை பெரும்பாலும் சென்னை, பெங்களூர் பக்கம்தான்; பிள்ளையை அனுப்ப மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். சென்னை பெரும்பாக்கத்தில் 1,152 வீடுகள் பிரீகாஸ்ட் முறையில்தான் எழும்பின.

பணம் கட்டுமுன் ஒரு நாள் காம்பவுண்டு சுவர்ப் பலகை வார்க்கும் யார்டுக்குக் கூட்டிப் போங்கள். அடுக்கிய பலகைகளுக்கு இடையில் வைத்த கட்டைகள் ஒன்றின்மேல் ஒன்று நேர்க்கோட்டில் இருக்கின்றனவா, விலகிய இடத்தில் விரிசல் விட்டிருக்கிறதா என்று அவளே பார்த்துக் குறித்துவரட்டும்.