வாசகர் கேள்வி – பதில்: காணாமல் போகும் ஒரு பைசா

கேள்வி: இரும்புக்கடை ஒன்றுக்குப் பைத்தானில் பில் போடும் நிரல் எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஒரு போல்ட்டின் விலை 4.35 ரூபாய். அதைப் பைசாவாக்குவதற்காக நூறால் பெருக்கி முழு எண்ணாக மாற்றினால் 435 வராமல் 434 வருகிறது. பிழை எங்கே இருக்கிறது?
– வாசகர், ஈரோடு

பதில்: பெருக்கலுக்கு முன்பே பிழை நுழைந்துவிடுகிறது. நீங்கள் 4.35 என்று எழுதியவுடன் பைத்தான் அதை மிதவைப்புள்ளி எண்ணாக, அதாவது இரும முறையில் 53 பிட்டுகளுக்குள் அடங்கும் எண்ணாக மாற்றுகிறது. அவ்வாறு அடங்குவது 4.35 அன்று, அதைவிட மயிரிழை குறைவான வேறோர் எண். அதை நூறால் பெருக்கினால் 434.99999999999994 கிடைக்கிறது. முழு எண்ணாக்கும் கட்டளை புள்ளிக்குப் பின்னுள்ளதை அப்படியே வெட்டிவிடுவதால் மிஞ்சுவது 434.

இரும முறையில் துல்லியமாக எழுதக்கூடிய பின்னங்கள், பகுதியில் (கோட்டுக்குக் கீழுள்ள எண்ணில்) இரண்டின் அடுக்கு மட்டுமே உள்ளவை. பழைய வாய்பாட்டைக் கொண்டு சொன்னால், அரை, கால், அரைக்கால், வீசம் (1/16) ஆகிய நான்கும் கணினிக்குள் பிசிறின்றிப் பொருந்தும். மா (1/20), காணி (1/80), முந்திரி (1/320) ஆகியவற்றின் பகுதியில் ஐந்து ஒளிந்திருப்பதால் அவை பொருந்தா. அணாக் கணக்கு நீடித்திருந்தால் உங்களுக்கு இந்தத் தொல்லை பெரும்பாலும் வந்திராது, ஏனெனில் அணா ரூபாயில் வீசம், காலணா 1/64. (தம்பிடி மட்டும் தகராறு செய்திருக்கும், அது 1/192, பகுதியில் மூன்று இருக்கிறது.) 1957 ஏப்ரல் 1 முதல் ரூபாய்க்கு நூறு பைசா என்றான பிறகு, ஒரு ரூபாய்க்குள் அடங்கும் நூறு பைசா மதிப்புகளில் 0, 25, 50, 75 என்ற நான்கு மட்டுமே இரும முறையில் துல்லியமானவை. மீதித் தொண்ணூற்றாறும் தோராயம்தான்.

ஆகவே பணத்துக்கு மிதவைப்புள்ளியைப் பயன்படுத்த வேண்டாம். எல்லாத் தொகையையும் பைசாவில் முழு எண்ணாக வைத்துக்கொள்வது எளிய வழி. வரி விழுக்காடு, தள்ளுபடி என்று கணக்கு விரியும்போது பைத்தானின் டெசிமல் வகை வசதியானது. அது நாம் தாளில் எழுதுவதுபோல் பத்தடிமானத்திலேயே எண்ணை வைத்திருக்கிறது. அதில் பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. விலையை மேற்கோள்குறிக்குள் எழுத்துச் சரமாகக் கொடுக்க வேண்டும். மேற்கோள்குறி இல்லாமல் 4.35 என்று கொடுத்தால், அது முதலில் மிதவைப்புள்ளியாகி, ஏற்கெனவே கெட்டுப்போன மதிப்பு அப்பழுக்கில்லாமல் டெசிமலுக்குள் நகலாகும். ஜாவாவின் பிக்டெசிமலிலும் இதே கதைதான். தரவுத்தளத்தில் விலைக்கான நெடுவரிசையும் டெசிமல் வகையாகவே இருக்கட்டும்.

இன்னொன்று, டெசிமல் வகையின் இயல்பான முழுமையாக்கல் விதி, சரிபாதி வந்தால் இரட்டைப்படை இலக்கத்தின் பக்கம் சாய்வது, 2.50 அங்கே 2 ஆகிவிடும். மத்திய சரக்கு மற்றும் சேவை வரிச் சட்டத்தின் 170ஆம் பிரிவோ, ஐம்பது பைசாவும் அதற்கு மேலும் இருந்தால் வரித்தொகையை அடுத்த ரூபாய்க்கு உயர்த்தச் சொல்கிறது. எனவே சரிபாதியை மேலே தள்ளும் விதியை நிரலில் நீங்களே வெளிப்படையாகக் குறிப்பிட வேண்டும்.

கேள்வி: சொத்துப் பங்கீட்டுக் கணக்கில் மூன்றில் ஒரு பங்கை டெசிமலில் வைத்து மூன்றால் பெருக்கினேன். ஒன்று வரவில்லை. டெசிமலும் பொய் சொல்லுமா?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: பத்தின் பகாக்காரணிகள் இரண்டும் ஐந்தும்தான், மூன்று அங்கே அந்நியம். டெசிமல் தன் இயல்பான 28 இலக்கங்களோடு நின்றுவிடுவதால் உங்களுக்கு 28 ஒன்பதுகள் வந்திருக்கும். பங்கீட்டுக்கு உரியது பைத்தானின் பின்ன வகை. அது தொகுதியையும் பகுதியையும் இரு முழு எண்களாகவே வைத்திருப்பதால் மூன்றில் ஒன்றின் மும்மடங்கு ஒன்றேதான்.

மிதவைப்புள்ளி செய்யும் வேலையைக் கண்ணால் பார்க்க விரும்பினால், பின்ன வகைக்கு 0.1 என்ற எண்ணை மேற்கோள்குறியின்றிக் கொடுங்கள். 1/10 வராது, 3602879701896397/36028797018963968 வரும். கணினி பத்தில் ஒன்றாக உள்ளே வைத்திருப்பது அதைத்தான்.

பின்ன வகைக்கு விலை உண்டு. வெவ்வேறு பகுதிகளைக் கூட்டக் கூட்ட எண்கள் பருத்துக்கொண்டே போகும். 1 + 1/2 + 1/3 என்று 1/100 வரை கூட்டினால் விடையின் பகுதி மட்டும் 40 இலக்கம். இரண்டின் வர்க்கமூலமும் வட்டக் கணக்கில் வரும் பையும் (π) அதற்குள் அடங்கவே அடங்கா. மேலும், நூறு ரூபாயை மூவருக்குப் பிரித்துக் கையில் கொடுக்கும்போது ஒருவருக்கு 33.34 போயாக வேண்டும். அந்த ஒரு பைசா யாருக்கு என்பதைக் குடும்பத்தார்தான் முடிவு செய்ய வேண்டும்.

கேள்வி: உணரியிலிருந்து 0.1 நொடிக்கு ஒருமுறை வெப்பநிலையைப் பதிகிறேன். ஒவ்வொரு முறையும் நேரத்தோடு 0.1ஐக் கூட்டுகிறேன். எல்லாவற்றையும் டெசிமலாக மாற்றிவிடவா?
– மாணவர், யாழ்ப்பாணம்

பதில்: வெப்பநிலையைத் தொட வேண்டாம். உங்கள் உணரியின் பிழை மிதவைப்புள்ளியின் பிழையைவிடப் பல கோடி மடங்கு பெரியது. தவிர, மிதவைப்புள்ளிக் கணக்கைச் செயலியின் சுற்றே நேரடியாகச் செய்வதால் வேகமும் மிச்சம்.

நேரத்தை மாற்றுங்கள். 0.1ஐப் பத்து முறை கூட்டினாலே 1 வராமல் 0.9999999999999999 வருகிறது. 1991 பிப்ரவரி 25 அன்று சவூதி அரேபியாவின் தஹ்ரானில், பேட்ரியாட் எதிர்ஏவுகணை அமைப்பு ஈராக்கின் ஸ்கட் ஏவுகணையைத் தடுக்கத் தவறி 28 அமெரிக்கப் படையினர் உயிரிழந்தனர். அதன் கடிகாரம் பத்தில் ஒரு நொடிகளை முழு எண்ணாகவே எண்ணியது; அந்த எண்ணிக்கையை 24 பிட்டுகளில் வெட்டி வைத்த பத்தில் ஒன்றால் பெருக்கி நொடியாக்கியபோதுதான் பிழை புகுந்தது. அமைப்பு ஏறத்தாழ 100 மணி நேரம் இடைவிடாது இயங்கியிருந்ததால் பிழை 0.34 நொடியாக வளர்ந்திருந்தது. அந்த நேரத்துக்குள் ஸ்கட் அரைக் கிலோமீட்டருக்கும் மேல் கடந்துவிடும்.

நீங்களும் எண்ணிக்கையை முழு எண்ணாக வைத்துக்கொண்டு, திரையில் காட்டும்போது மட்டும் பத்தால் வகுங்கள். 0.1ஆல் பெருக்க வேண்டாம்; 3ஐ 0.1ஆல் பெருக்கினால் 0.30000000000000004, 10ஆல் வகுத்தால் 0.3.