அட்டை பிடிப்பது யார் வேலை?

கேள்வி: எனக்கு 24 வயது. வேலை பார்த்துக்கொண்டே மேற்படிப்புக்காக, வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் கேட்கும் ஜி.ஆர்.இ. தேர்வுக்குத் தயாராகிறேன். முதல் முறை எழுதியபோது ஆங்கில மொழித்திறனைச் சோதிக்கும் வெர்பல் பகுதியில் 149தான் கிடைத்தது. பிறகு ஆயிரம் கடினமான ஆங்கிலச் சொற்கள் கொண்ட அட்டைக்கட்டு ஒன்றை வாங்கி, ஆறு மாதமாகப் படிக்கிறேன். பள்ளி இறுதி வகுப்பில் இருக்கும் என் தங்கை தினமும் இரவில் ஒரு மணி நேரம் அட்டையைப் பிடித்துக்கொண்டு கேள்வி கேட்பாள். நான் திணறினால் ஏதாவது ஒரு வாக்கியம் அமைத்துச் சொல்வாள். உடனே நினைவுக்கு வந்துவிடும். ஆனால் மாதிரித் தேர்வில் அதே சொல் வந்தால் விழிக்கிறேன். என்னைவிட அவளுக்குத்தான் இப்போது அதிகச் சொற்கள் தெரியும் என்று வீட்டில் கேலி வேறு. எனக்கு ஞாபகசக்தி குறைவா? இன்னும் பெரிய சொற்பட்டியலுக்கு மாறலாமா?

பதில்: தம்பி, ஞாபகசக்தியைப் பற்றிய புலம்பல் இந்தப் பகுதிக்கு மாதந்தோறும் வருகிறது. அதை அப்புறம் பார்ப்போம். தங்கைக்கு உங்களைவிட அதிகம் தெரியும் என்பதை வீட்டுக் கேலி என்று ஒரே வரியில் தள்ளிவிட்டீர்கள். நான் அந்த வரியை விடுவதாக இல்லை.

அவளுக்கு ஏன் தெரிகிறது? நீங்கள் திணறும்போது குறிப்புக் கொடுக்க வேண்டும் என்றால், அவள் முதலில் அந்தச் சொல்லின் பொருளை உள்வாங்க வேண்டும். அது எந்த இடத்தில் வரும், யாரைப் பற்றிச் சொல்லும், புகழ்ச்சியா இகழ்ச்சியா என்று யோசிக்க வேண்டும். அதற்குப் பிறகு பொருளை உடைத்துச் சொல்லாமல் கோடிகாட்டும் ஒரு வாக்கியத்தைக் கட்ட வேண்டும். இரவுக்கு இரவு இதைச் செய்தவள் அவள். நீங்கள் எதிரில் உட்கார்ந்து குறிப்புக்காகக் காத்திருந்தீர்கள். ஆறு மாதமாகப் படித்தது யார் என்று இப்போது சொல்லுங்கள்.

மாதிரித் தேர்வில் விழிப்பதற்குக் காரணமும் இதுதான். அங்கே குறிப்புத் தர யாரும் இல்லை. அவள் சொன்ன வாக்கியத்தோடு சேர்ந்துதான் சொல் உங்களுக்கு நினைவுக்கு வருகிறது. வாக்கியம் போனால் சொல்லும் போய்விடுகிறது. இதில் மூளையைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. சோம்பலைத்தான் சொல்ல வேண்டும்.

இனி நீங்கள் கேட்காத விஷயத்துக்கு வருகிறேன். கடிதத்தில் உங்கள் வயது இருக்கிறது, மதிப்பெண் இருக்கிறது, அட்டைகளின் எண்ணிக்கைகூட இருக்கிறது. பள்ளி இறுதி வகுப்பில் இருக்கும் அந்தப் பெண் அடுத்து என்ன படிக்க ஆசைப்படுகிறாள் என்று ஒரு சொல் இல்லை. இரவுக்கு ஒரு மணி நேரம், ஆறு மாதம். ஏறக்குறைய 180 மணி நேரம் அவள் படிப்பிலிருந்து எடுக்கப்பட்டிருக்கிறது. ஜி.ஆர்.இ. தேர்வை 21 நாள் இடைவெளி விட்டு, 12 மாதத்துக்குள் ஐந்து முறை எழுதலாம். அவளுக்கு அந்த வசதி உண்டா? இந்த ஆண்டு நழுவினால் ஓராண்டு போனதுதான். உங்களில் யாருடைய தேர்வு அவசரம் என்று உங்களுக்கும் தோன்றவில்லை, கேலி செய்கிற பெரியவர்களுக்கும் தோன்றவில்லை.

அவள் விரும்பித்தான் செய்கிறாள் என்பீர்கள். அண்ணன் கேட்டால் மறுக்கத் தெரியாத வயது அது. ஆண்பிள்ளையின் படிப்பு என்றால் வீடே சேர்ந்து முட்டுக்கொடுப்பதும், பெண்பிள்ளையின் படிப்பு தானாக நடந்துவிடும் என்று விட்டுவிடுவதும் எனக்கு வரும் கடிதங்களில் புதிதல்ல. மூத்தவன் இளையவளின் நேரத்தைக் காக்க வேண்டியவன் என்று நம்புகிறவள் நான். நீங்கள் அதை எடுத்துச் செலவழித்திருக்கிறீர்கள், அதுவும் பயனில்லாமல்.

அட்டை பிடிக்க ஆள் தேவையே இல்லை. செபாஸ்டியன் லைட்னர் என்ற அறிவியல் எழுத்தாளர் 1972இல் பரப்பிய முறை ஒன்று உண்டு. ஒரு பெட்டியைச் சில அறைகளாகத் தடுத்துக்கொள்ள வேண்டும். சரியாகச் சொன்ன அட்டை அடுத்த அறைக்குப் போகும், தவறினால் முதல் அறைக்கே திரும்பும். முதல் அறையைத் தினமும் பார்க்க வேண்டும், பின்னால் போகப் போக இடைவெளி கூடும். படித்தது முதல் ஒரு நாளுக்குள்தான் வேகமாக மறக்கிறது. ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மன் உளவியலாளர் தன்மீதே சோதித்து 1885இல் எழுதிவைத்த செய்தி இது. எந்தச் சொல்லை எப்போது மறுபடி பார்ப்பது என்பதை அந்தப் பெட்டியே சொல்லிவிடும். ஒரே ஒரு கட்டுப்பாடு: அட்டையைத் திருப்புவதற்கு முன் பொருளை வாய்விட்டுச் சொல்லி, அந்தச் சொல்லை வைத்து ஒரு வாக்கியத்தை நீங்களே எழுதிவிட வேண்டும். தெரிந்த மாதிரி இருக்கிறது என்பதெல்லாம் கணக்கில் சேராது. அது முதல் அறைக்குத்தான்.

பெரிய பட்டியல் வேண்டாம். 2011 ஆகஸ்டுக்கு முன்பு ஜி.ஆர்.இ.யில் எதிர்ச்சொல் கேள்விகளும் சொல்லுறவுக் கேள்விகளும் இருந்தன. அன்று சொல்லும் பொருளும் மனப்பாடமாக இருந்தால் ஓரளவு தேறலாம். அவற்றை நீக்கிவிட்டார்கள், ஆனால் அட்டைக்கட்டு மோகம் மட்டும் போகவில்லை. இன்று வெர்பலில் இரண்டு பிரிவுகளாக 27 கேள்விகள், 41 நிமிடம். ஏறக்குறைய பாதி, பத்தியைப் படித்துப் பதில் சொல்வது. மீதியில் ஒரு வகை, கோடிட்ட இடம் நிரப்புவது. மூன்று இடம் இருந்தால் மூன்றும் சரியாக இருக்க வேண்டும், இரண்டு சரி என்பதற்குப் பாதி மதிப்பெண் கிடையாது. இன்னொரு வகையில் ஆறு சொற்களில் இரண்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும், இரண்டும் வாக்கியத்துக்கு ஒரே பொருளைத் தர வேண்டும். அட்டை மனப்பாடம் செய்தவர்கள் இங்கேதான் வழுக்குவார்கள். ஒரே பொருளுள்ள இரு சொற்களைக் கண்டதும் குறித்துவிடுவார்கள். அந்த ஜோடி வாக்கியத்துக்கே பொருந்தாததாக இருக்கும்.

கடினமான சொல்தான் காலைவாரும் என்றும் இல்லை. குவாலிஃபை என்றால் தகுதி பெறுவது, யாருக்குத் தெரியாது? ஒரு கருத்தை 'இந்த அளவுக்குத்தான்' என்று வரம்பிட்டுச் சொல்வதற்கும் அதே சொல்தான். ஆராய்ச்சி நடைப் பத்திகளில் இந்தப் பொருள் தெரியாவிட்டால் ஆசிரியர் ஆதரிக்கிறாரா, தயங்குகிறாரா என்பதே பிடிபடாது. உங்கள் ஆயிரத்தில் இது இருக்காது, எளிய சொல் என்று விட்டிருப்பார்கள். அதனால் நாளுக்கு ஒரு நீண்ட ஆங்கிலக் கட்டுரையாவது படியுங்கள்: வரலாறு, அறிவியல், கலை விமர்சனம், எதுவானாலும் சரி. மாதிரிக் கேள்விகளைப் போடும்போது விடைகளைக் கையால் மறைத்துக்கொண்டு, கோடிட்ட இடத்தில் உங்களுக்குத் தோன்றும் சொல்லை முதலில் எழுதுங்கள், தமிழில் எழுதினாலும் பரவாயில்லை. பிறகு கையை எடுங்கள். தேர்வை நடத்தும் இ.டி.எஸ். நிறுவனமே பவர்பிரெப் என்ற பெயரில் இரண்டு முழு மாதிரித் தேர்வுகளை இலவசமாகத் தருகிறது. அவற்றில் ஒன்றைக் கடைசி வாரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இன்றிரவு முதல் தனியாக உட்காருங்கள். தங்கை வந்து கேட்டால், நீ உன் பாடத்தைப் படி என்று சொல்லுங்கள். அவளுக்குப் புரியாத பாடம் இருந்து, அவளாகக் கேட்டால், அந்த ஒரு மணி நேரத்தை அவளுக்குக் கொடுங்கள். நீங்கள் சேர விரும்பும் பல்கலைக்கழகங்களின் விண்ணப்பக் கெடு இடம் கொடுத்தால், அவளுடைய கடைசித் தேர்வுக்குப் பிந்தைய ஒரு நாளுக்கு உங்கள் ஜி.ஆர்.இ.யைப் பதிவு செய்யுங்கள். கெடு தவறினாலும் குடிமுழுகிவிடாது. மதிப்பெண் ஐந்து ஆண்டு செல்லும். அடுத்த கடிதம் எழுதுவதானால், அவள் எந்தப் படிப்புக்கு விண்ணப்பிக்கப்போகிறாள் என்று கேட்டு எழுதுங்கள்.