கையை விடுங்கள், முதலில் காதைப் பாருங்கள்

கேள்வி: ஐயா, பினாங்கு சுங்கை பாக்காப்பில் 18 ஜமுனாபாரி ஆடுகள் வைத்திருக்கிறேன். கொட்டகைக் காவலுக்கு ஒரு நாய்க்குட்டி வாங்கினேன். வாங்கும்போது 5 வாரம், இப்போது 11 வாரம். விளையாடும்போது கையையும் காற்சட்டையையும் கவ்விக் கடிக்கிறது. 7 வயது மகனுக்குக் கையெல்லாம் கீறல். விற்றவர் மூக்கில் தட்டச் சொன்னார்; தட்டினால் இன்னும் துள்ளிக் கடிக்கிறது. கையில் அடித்துக்கொள்ள ஒரு கசப்பு ஸ்பிரேயும் விற்றார். சாயங்காலம் ஆட்டுக்குட்டிகளோடு அவிழ்த்துவிட்டால் அதுகளின் காதைப் பிடித்துத் தொங்குகிறது, அது பரவாயில்லை. முரட்டு நாயாகிவிடுமோ என்றுதான் பயம்.

பதில்: தம்பி, 'அது பரவாயில்லை' என்று எழுதினீர்களே, அந்த இடத்தில்தான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதற்கு அப்புறம் வருகிறேன்.

முரடெல்லாம் இல்லை. 11 வாரக் குட்டிக்கு வாய்தான் கை. 28 பால்பற்களும் ஊசி மாதிரி இருக்கும், அதனால்தான் கீறல். மூக்கில் தட்டுவதை இன்றோடு நிறுத்துங்கள். பாதிக் குட்டிகள் அதையும் விளையாட்டு என்று எடுத்துக்கொள்ளும், மீதி கையைக் கண்டாலே மிரளும். மிரண்ட நாய்தான் பின்னால் நிஜமாகக் கடிக்கும்.

பல் தோலில் பட்ட நொடியே விளையாட்டு முடிந்தது. கையை உதறாதீர்கள், கத்தாதீர்கள், மரம் மாதிரி நில்லுங்கள். விட்டுவிட்டால் பழைய கயிற்றையோ துண்டையோ கவ்வக் கொடுங்கள். விடாவிட்டால் படலுக்கு அந்தப் பக்கம் போய் அரை நிமிடம் கழித்து வாருங்கள். வீட்டில் எல்லாரும் ஒரே மாதிரி செய்யவேண்டும். நீங்கள் நிறுத்த, மகன் ஓடிக் காட்டினால் பலிக்காது. இந்த வயதில் அது நாளுக்கு 18 மணி நேரமாவது தூங்கவேண்டும். சாயங்காலம் வெறிபிடித்த மாதிரி கடிக்கிறதென்றால் பெரும்பாலும் தூக்கம் போதவில்லை.

இனி விற்றவர் கதை. 5 வாரத்தில் குட்டியைத் தாயிடமிருந்து பிரித்து விற்கிறவரை வியாபாரி என்றே நான் சொல்லமாட்டேன். கொட்டகை மூலையில் கோணிச் சாக்கில் ஒரு பெட்டை நாய் ஈன்றிருந்தால் உட்கார்ந்து பாருங்கள். பல் முளைத்த குட்டி மடியை அழுத்திக் கடித்தால் அவள் அடிக்கமாட்டாள். எழுந்து போய்விடுவாள், பால் போச்சு. கூடப்பிறந்ததின் காதைக் கடித்தால் அது வீலென்று கத்திவிட்டு விளையாட்டை விட்டுப் போகும். எவ்வளவு அழுத்தினால் வலிக்கும் என்பதைக் குட்டி இப்படித்தான் கற்கிறது. அந்தப் பாடம் முடிய 8 வாரமாவது ஆகும். உங்கள் குட்டி பாதிப் பாடத்தில் பள்ளியை விட்டு வந்தது. 'சின்னதாக வாங்கினால்தான் வீட்டோடு ஒட்டும்' என்று உங்களிடமும் சொல்லியிருப்பார். ஒட்டுவதற்கு இல்லை தம்பி. 5 வாரத்துக்கு மேல் வைத்திருந்தால் தீனி, பூச்சி மருந்து, முதல் தடுப்பூசி எல்லாம் அவர் கைக்காசு. காசை மிச்சப்படுத்தி, அதனால் வந்த கடிக்கு உங்களிடமே ஸ்பிரேயும் விற்றிருக்கிறார்! அதைத் தூக்கி வையுங்கள். தாய் எழுந்து போனாளே, அந்த வேலையைத்தான் இப்போது நீங்கள் செய்கிறீர்கள். மூன்று, நான்கு வாரம் பொறுமை வேண்டும்.

சரி, ஆட்டுக்கு வருவோம். ஜமுனாபாரிக் குட்டியின் காது தொங்கத் தொங்க ஆடும். நாய்க்குட்டிக்கு அதைவிட நல்ல விளையாட்டுச் சாமான் உண்டா? இழுத்தால் ஆட்டுக்குட்டி கத்தும், ஓடும். நாய்க்கு அதுவே பரிசு. இந்த ருசி பிடித்துவிட்டால் 8 மாதத்தில் உங்கள் காவல்காரனே ஆட்டை விரட்டுவான். ஆகவே அவிழ்த்துவிடும் பழக்கம் இன்றே முடியட்டும். கொட்டகைக்குள் கயிற்றில் பிடித்தே கூட்டிப் போங்கள். ஆட்டைப் பார்த்துவிட்டு உங்களைத் திரும்பிப் பார்த்தால் வாயில் ஒரு துண்டு கருவாடு. மற்ற நேரம் கம்பி வலைக்கு வெளியே இருக்கட்டும், ஆட்டு வாசனை பழகும். காவல் நாயை ஆட்டோடு தனியே விட ஒன்றரை, இரண்டு வயதாகவேண்டும்.

பையன் கீறல்களில் ரத்தம் வந்திருந்தால் குட்டிதானே என்று விடாதீர்கள். 2015-இல் பெர்லிஸ், கெடா, பினாங்கு மூன்றிலும் வெறிநாய்க்கடி நோய் தலைகாட்டியது. இனிப் பல் பட்டு ரத்தம் வந்தால் சோப்புப் போட்டு, ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். பழைய கீறலோ புதுசோ, பையனைக் கிளினிக்கில் காட்டுங்கள். குட்டிக்கு இன்னும் ஒரு வாரத்தில் 12 வாரம் முடிகிறது. வெறிநோய்த் தடுப்பூசிக்குக் கால்நடை மருத்துவரிடம் நாள் கேட்டு வையுங்கள்.

இதைப் படித்ததும் செய்யவேண்டிய வேலை ஒன்று: டார்ச் எடுத்துக்கொண்டு ஒவ்வொரு ஆட்டுக்குட்டியின் காதையும் உள்ளும் புறமும் திருப்பிப் பாருங்கள். பல் பட்ட சின்னப் புண் போதும், ஈ முட்டை வைத்துவிடும். புண் ஓரத்தில் வெள்ளையாகத் திட்டுத் திட்டாக ஒட்டியிருந்தால் அதுதான். புழு இறங்கியபின் காதைக் காப்பாற்றுவது கஷ்டம், காலையிலேயே மருத்துவரைக் கூப்பிடுங்கள்.