சம்பளமும் வீட்டுச் சாவியும்: மலேசிய இந்தியர், சீனர் ஒப்பீடு – கேள்வி பதில்

வருமானம், குடியேற்ற வரலாறு, பள்ளிக்கூடம். இந்த மூன்றுக்குள், உங்கள் ஊர்ப் பெயரைப் போட்டுக் கேளுங்கள். கட்சிச் சண்டைக்கு வேறு இடம் இருக்கிறது. ஓர் எச்சரிக்கையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: சராசரியை மட்டும் தூக்கிக்கொண்டு யாரும் வராதீர்கள்.

செந்தூல்: ஐயா, சீனர்களைவிட நாம் எவ்வளவு பின்னால் இருக்கிறோம்? ஒரே எண்ணில் சொல்லுங்கள்.

ஒரே எண்ணில் சொன்னால் அது பாதிப் பொய். மூன்று ஆண்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறேன்.

புள்ளியியல் துறையின் குடும்ப வருமான ஆய்வு 2019இல் சொன்ன மாத நடுவெண்: சீனர் 7,391 வெள்ளி (ரிங்கிட்), இந்தியர் 5,981 வெள்ளி. நடுவெண் என்றால், 101 வீடுகளை வருமான வரிசையில் நிறுத்தினால் 51ஆவது வீட்டின் வருமானம். சீனர் வீட்டில் 100 என்றால் நம் வீட்டில் 81. மூன்று ஆண்டுக்கு முன், 2016இல், 6,582க்கு 5,428. அதாவது 82.5. ஆக, அந்த மூன்று ஆண்டில் கொஞ்சம் சறுக்கியிருக்கிறோம்.

நீண்ட காலம் பார்க்க வேண்டுமென்றால் 1970க்குப் போக வேண்டும். அங்கே கைக்குக் கிடைப்பது சராசரிதான், அதுவும் தீபகற்பத்துக்கு மட்டும்: சீனர் 394, இந்தியர் 304. நூற்றுக்கு 77. 2019இன் சராசரி 9,895க்கு 8,216. நூற்றுக்கு 83. ஏறத்தாழ ஐம்பது ஆண்டில் ஆறு புள்ளி. சராசரியைச் சராசரியோடு, நடுவெண்ணை நடுவெண்ணோடு மட்டுமே ஒப்பிடுங்கள். இரண்டையும் கலந்து '77இலிருந்து 81' என்று மேடையில் பேசுபவர்கள் உண்டு.

இன்னொன்றையும் கவனியுங்கள். சராசரியை நடுவெண்ணால் வகுத்தால் இந்தியருக்கு 1.37, சீனருக்கு 1.34, பூமிபுத்ராவுக்கு (மலாய்க்காரரும் பூர்வகுடியினரும்) 1.31 வருகிறது. இந்த எண் பெரிதாக ஆக, மேலே இருக்கும் சில வீடுகள் சராசரியை இழுத்துப் பிடிக்கின்றன என்று பொருள். மூன்று பெட்டிகளிலும் நம் பெட்டிதான் அதிகம் இழுபடுகிறது. பங்சாரில் கிளினிக் வைத்திருக்கும் டாக்டரும், சிலாங்கூர் கம்பெனி ஒன்றில் இரவு ஷிப்ட் காவல் பார்ப்பவரும் ஒரே 'இந்தியர்' பெட்டிக்குள்தான். அதே பெட்டியில் மலையாளி, தெலுங்கர், பஞ்சாபி, யாழ்ப்பாணத்தவர் எல்லாரும் உண்டு.

பிறை: இது தலைக்கு இவ்வளவா, வீட்டுக்கு இவ்வளவா?

வீட்டுக்கு. மூன்று பேர் வீடும் ஆறு பேர் வீடும் ஒரே 6,000 காட்டினால் ஒருவருக்கு 2,000, மற்றவருக்கு 1,000. தலைக்கு வகுக்காமல் வாழ்க்கைத் தரம் பேசக்கூடாது. குடியுரிமை இல்லாத குடும்பங்கள் இந்த எண்ணுக்குள் வருவதே இல்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிக்குத் தரும் சிவப்பு அடையாள அட்டைப் பிரச்சினை எந்தச் சமூகத்தில் அதிகம் என்று உங்களுக்கே தெரியும்.

காஜாங்: சீனர்கள் பணத்தோடு வந்தார்கள், நாம் வெறுங்கையோடு வந்தோம். அதுதானே அடிப்படை?

இல்லை. பெரும்பாலான சீனர்கள் வந்ததும் கூலிகளாகத்தான், அதுவும் கடனோடு. கப்பல் செலவை வேறொருவர் கட்டிவிடுவார். வந்திறங்கியவன் ஓராண்டு போல ஈயச் சுரங்கத்தில் உழைத்துக் கழிக்க வேண்டும். கழித்த பிறகு அவன் தன் காலில் நிற்பவன். லாருட்டில் கூலி குறைந்தால் கிந்தாவுக்குப் போகலாம், கோலாலம்பூருக்கு வரலாம், பன்றி வளர்க்கலாம், கடை போடலாம்.

நம் ஆட்கள் வந்தது வேறு ஏற்பாட்டில். ஒப்பந்தக் கூலி முறை 1910இல் ஒழிந்தது. அதற்கு முன்பே, 1907இல், தோட்டக்காரர்கள் ஆளுக்கு இவ்வளவு என்று கட்டும் குடியேற்ற நிதி ஒன்றை அரசாங்கம் தொடங்கிவிட்டது. கப்பல் செலவு அதிலிருந்து. வந்தவனுக்குக் கடன் இல்லை, கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கூலி ஏறப் பார்க்கும்போதெல்லாம் அதே நிதியை வைத்து இன்னும் ஆள் இறக்கலாம். ஊரிலிருந்து சொந்தக்காரர்களைக் கூட்டிவந்த கங்காணிக்கு, அவர்கள் காலையில் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, வந்து நின்றால்தான் தலைக்காசு. ஆகவே ஆள் தோட்டத்தை விட்டு நகராமல் பார்த்துக்கொள்வது அவர் பிழைப்பு. இந்திய அரசு 1938இல் இந்தக் கூலிக் குடியேற்றத்தை நிறுத்திய பிறகுதான் அந்தக் குழாய் அடைபட்டது.

1941இல் கிள்ளான் தோட்ட வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளைப் படியுங்கள். சீனத் தொழிலாளிக்குக் கொடுக்கும் அதே கூலி வேண்டும் என்பது அதில் ஒன்று. துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கும் வழக்கம் போக வேண்டும் என்பது இன்னொன்று. பதிலுக்கு வந்தது பட்டாளம்.

சுங்கை சிப்புட்: ஒரே தலைமுறையில் சீனர்கள் மேலே போய்விட்டார்கள், நாம் ஏன் போகவில்லை? உங்கள் கணக்கில் முதல் காரணம் எது?

வீட்டுச் சாவி.

தோட்டத்தில் வேலை முதலாளியுடையது. லயத்து வீடு, பள்ளிக்கூடம், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகை, கோயில் நிற்கும் நிலம் எல்லாம் முதலாளியுடையது. கடைக்காரன் பற்று எழுதிக்கொடுப்பதும் சம்பள நாளை நம்பித்தான். ஒரு கையெழுத்தில் தோட்டம் கை மாறினால் இத்தனையும் ஒரே நாளில் போய்விடும். 1950களிலும் 60களிலும் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டாடி விற்றபோது நடந்தது இதுதான். 1960இல் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியதும் இதனால்தான்: தொழிலாளிகளிடம் சிறுகச் சிறுகத் திரட்டி, விற்கப்படும் தோட்டத்தை வாங்குவது. 13 மே 1969 இனக் கலவரத்துக்குப் பிறகு நிலைமை இன்னும் இறுகியது. குடியுரிமை இல்லாதவர் வேலை செய்ய அனுமதிச் சீட்டு வேண்டும் என்று ஆனதும், பல்லாயிரம் பேர் கப்பலேறித் திரும்பினார்கள். அடுத்த அலை 1980களிலும் 90களிலும். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, வெளிநாட்டுத் தொழிலாளி வந்தான், கிள்ளான் பள்ளத்தாக்கில் தோட்டம் வீடமைப்புத் திட்டமானது. நகரத்துக்கு வந்த குடும்பம் முதலில் ஒதுங்கியது புறம்போக்கில்.

இப்போது அந்தப் பக்கம் பாருங்கள். 1950இல் பிரிக்ஸ் திட்டம்: காட்டிலிருந்த கம்யூனிஸ்ட் கெரில்லாக்களுக்கு ஊரார் உதவி கிடைக்காமல் செய்ய ஆங்கில அரசு போட்டது. ஏறத்தாழ 480 புதுக் கிராமங்களில் ஐந்து லட்சம் பேர் போலக் குடியேற்றப்பட்டார்கள், பெரும்பாலும் சீனர்கள். யாரும் தயவு பண்ணிக் கொடுத்ததல்ல. முள்வேலிக்குள் அடைத்து, அரிசியை அளந்து கொடுத்தார்கள். ஆனால் வேலி போன பிறகு வீட்டு மனை அந்தக் குடும்பத்திடமே நின்றது. முதலில் தற்காலிக உரிமம், பிறகு பல இடங்களில் 30 ஆண்டோ அதற்கு மேலோ குத்தகைப் பட்டா. முதலாளி மாறினாலும் வீடு போகாது. முன்பக்கத்தில் கடை போடலாம், பட்டாவை வைத்துக் கடன் கேட்கலாம். ஜின்ஜாங் அப்படித் தொடங்கிய புதுக் கிராமம்தான். இன்று அங்கே எம்ஆர்டி ரயில் ஸ்டேஷன் நிற்கிறது. அந்த மனையின் விலை ஏறியதற்கு வீட்டுக்காரர் ஒன்றும் செய்யவில்லை, அங்கேயே இருந்தார், அவ்வளவுதான். லயத்தில் அதே அளவு காலம் இருந்தவருக்கு இருந்ததற்குப் பலன் கிடையாது.

புதுக் கிராமங்களில் இன்றும் ஏழைகள் உண்டு. 1970இல் தீபகற்பச் சீனர்களில் 26 விழுக்காட்டினர் வறுமைக் கோட்டுக்குக் கீழே இருந்தார்கள், இந்தியர்களில் 39.2. மலாய்க்காரர்களுக்கு இந்த எண் 65ஐத் தொட்டது என்பதை நம்மில் பலர் வசதியாக மறந்துவிடுகிறோம்.

கிள்ளான்: அவர்களிடம் ஒற்றுமை இருக்கிறது, நம்மிடம் இல்லை. இதைச் சொல்ல மாட்டீர்களா?

மாட்டேன். ஒற்றுமையை எந்த ஆய்விலும் அளந்து காட்டவில்லை. அளக்கக்கூடியது கடன்.

ஒரு சீனர் மளிகைக் கடையை எடுத்துக்கொள்ளுங்கள். மொத்த வியாபாரி 12,000 வெள்ளி சரக்கை 60 நாள் தவணையில் இறக்குகிறார். கடைக்காரர் அதை 20 நாளில் விற்றுவிடுகிறார். மீதி 40 நாள் அந்தப் பணம் அவர் கையில், வட்டியில்லாமல். இரண்டாவது சரக்கை அதைக்கொண்டே எடுக்கலாம். அதே தெருவில் புதிதாகக் கடை திறக்கும் தமிழர் ரொக்கம் வைத்தால்தான் சரக்கு. விற்பனை ஒன்றாக இருந்தாலும் இவர் 12,000ஐயும் கையிலிருந்து போட வேண்டும். ஒரு மாதம் மழை, வியாபாரம் படுத்தால் முன்னவர் தவணையைத் தள்ளிப்போடுவார், பின்னவர் கதவைச் சாத்துவார். தவணை கிடைப்பது வியாபாரச் சங்கத்தில் யாரோ உத்தரவாதம் சொல்வதால். அந்த வலைக்குப் பெயர் குணம் அல்ல, வியாபாரத்தில் இருந்த காலம்.

நம்மிடம் கூட்டு, அதாவது ஆளுக்கு ஒரு தொகை போட்டு முறைவைத்து எடுக்கும் சீட்டு, இருந்ததே என்பீர்கள். மலாயில் 'குட்டு' ஆனது நம் சொல்தான். ஆனால் 1971 சட்டம் கூட்டு நிதியைத் தொழிலாக நடத்துவதைத் தடைசெய்கிறது. எடுத்தவர் ஓடிவிட்டால் பணத்தை மீட்பது கடினம். இதை எங்கே பேசினாலும் சொல்வேன்: கூட்டுப் பணத்தில் கடை திறக்காதீர்கள்.

புக்கிட் மெர்தாஜாம்: அண்ணே, நம் ஆட்களிடம் ஒற்றுமை இல்லாததுதான்...

மேலே பார்க்க.

ரவாங், எஞ்சினியர்: தமிழ்ப்பள்ளிதான் நம்மைக் கீழே பிடித்துவைத்திருக்கிறது. மூடிவிட்டுத் தேசியப் பள்ளிக்கு அனுப்பியிருந்தால் என்றோ முன்னேறியிருப்போம்.

சீனப் பிள்ளைகளில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் சீன ஆரம்பப் பள்ளிக்குத்தான் போகிறார்கள். இந்தியப் பிள்ளைகளில் ஏறக்குறைய பாதிப் பேர்தான் தமிழ்ப்பள்ளிக்கு. தாய்மொழிப் பள்ளி கீழே இழுக்கும் என்றால் யார் கீழே இருக்க வேண்டும்? சுதந்திரத்தின்போது 888 தமிழ்ப்பள்ளிகள், இன்று 530ஐத் தொடவில்லை. மூடியதால் முன்னேறுவோம் என்றால் முன்னூற்றுச் சொச்சம் பள்ளிக்கான முன்னேற்றம் எங்கே?

பட்டர்வொர்த், ஆசிரியை: நன்றி ஐயா. இவர் மாதிரி ஆட்களுக்கு...

டீச்சர், கொஞ்சம் பொறுங்கள். உங்களுக்கும் சாதகமாகச் சொல்லிவிடவில்லை. 1923 தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டம் பள்ளி நடத்த வேண்டும் என்றது. அப்படிப் பிறந்த பள்ளி முதலாளி நிலத்தில் நிற்கிறது. நிலம் அரசாங்கத்துடையது இல்லையென்றால் பள்ளி 'பகுதி உதவி'. ஆசிரியர் சம்பளம் வரும், கட்டடத்துக்குக் கையேந்த வேண்டும். சீனப் பள்ளிகளிலும் பெரும்பாலானவை பகுதி உதவிதான். ஆனால் அங்கே வாரியத்தில் ஊர் வியாபாரிகள் உட்கார்ந்திருக்கிறார்கள். கூரை ஒழுகினால் ஒரு விருந்து வைத்துப் பணம் திரட்டிவிடுவார்கள். நம் வாரியத்தில் பெற்றோர். பெற்றோர் பால்மரம் வெட்டியவர்கள். தோட்டம் காலியானால் பிள்ளைகளும் நகரத்துக்குப் போய்விடுவார்கள், பள்ளியின் உரிமம் மட்டும் காட்டுக்குள் கிடக்கும்.

ரவாங்: அப்படியென்றால் ஆறாம் ஆண்டுக்குப் பிறகு? அங்கேதானே நம் பிள்ளை விழுகிறான்?

இது சரியான கேள்வி, முதலிலேயே இதைக் கேட்டிருக்கலாம். மலாய் தேர்ச்சி போதாத தமிழ்ப்பள்ளி, சீனப்பள்ளி மாணவர் இருவருக்கும் புகுமுக வகுப்பு ஓராண்டு. விதி ஒன்றுதான், அடி ஒன்றல்ல. 60 சொச்சம் தனியார் சீன இடைநிலைப் பள்ளிகள் இருக்கின்றன, 1975இலிருந்து அவற்றுக்கென்றே ஒரு பொதுத் தேர்வும் இருக்கிறது. விரும்பினால் அந்தப் பக்கம் திரும்பலாம். தமிழுக்கு ஆறாம் ஆண்டோடு பாதை முடிகிறது. பதின்மூன்று வயதில், தெரியாத பள்ளியில், வயதுக்குக் குறைந்த வகுப்பில் ஓராண்டு. வீட்டில் வருமானம் குறைவு, பஸ் காசு தினமும். படிப்பை விடுவது அங்கே தொடங்குகிறது. ஆகவே மூடுவதா வேண்டாமா என்று நீங்கள் இருவரும் சண்டை போடுவதைவிட, நான்காம் ஆண்டிலேயே மலாய்க் கட்டுரை எழுத வாரம் இரண்டு மணி நேரம் உட்காரவைப்பதால் கிடைப்பது அதிகம்.

பட்டர்வொர்த்: நாங்கள் உட்காரவைப்பதே இல்லை என்கிறீர்களா?

அப்படிச் சொல்லவில்லை, டீச்சர். அடுத்த கேள்வி.

பிரிக்பீல்ட்ஸ்: யாழ்ப்பாணத்தவரும் செட்டியார்களும் தமிழர்தானே, அவர்கள் எப்படி மேலே?

இவர்கள்தான் குணம் பேசுபவர்களுக்கு நல்ல பதில். மொழி ஒன்று, வந்த வழி வேறு. யாழ்ப்பாணத்தவர் மிஷன் பள்ளி ஆங்கிலத்தோடு ரயில்வேக்கும் அரசு அலுவலகத்துக்கும் வந்தார்கள். மாதச் சம்பளம், ஓய்வூதியம். செட்டியார்கள் முதலோடு வந்தார்கள். பினாங்கு ஸ்திரீட் கிட்டங்கியிலிருந்து சீனச் சுரங்கக்காரருக்கே கடன் கொடுத்தவர்கள். லாபத்தில் பெரும்பங்கு செட்டிநாட்டு வீட்டுத் தூண்களாகிவிட்டது, அது தனிக் கதை.

ஈப்போ: கம்பெனிகளின் பங்குடைமையில் நம் பங்கு?

1970இல் 1.1 விழுக்காடு, 2004இல் 1.2. முக மதிப்பில் கணக்கிட்டது, சந்தை விலையில் அல்ல.

ஜார்ஜ்டவுன், தாதி: உடல்நலத்திலும் இந்த இடைவெளி உண்டா?

உண்டு, அங்கே வருமானத்தைவிடப் பெரிது. 2019 தேசிய சுகாதார ஆய்வில் பெரியவர்களில் நீரிழிவு: இந்தியர் 31.4 விழுக்காடு, சீனர் 15.1. இரட்டிப்பு. நடுத்தர வருமான வீட்டையும் விடுவதில்லை. டயாலிசிஸ் தொடங்கினால் வாரம் மூன்று நாள் போய்விடும், தினக்கூலிக்காரருக்கு வேலை நிலைக்காது. ஏன் இரட்டிப்பு என்பதை மருத்துவரிடம் கேளுங்கள், என் துறை இல்லை.

பூச்சோங்: இந்தியர் மேம்பாட்டுக்கான அரசுப் பிரிவு மித்ராவின் மானியத்துக்கு எப்படி விண்ணப்பிப்பது?

அவர்களுடைய அலுவலகத்தில்.

ஷா ஆலாம்: சார், நம்மிடம் ஒற்றுமை...

மூன்றாவது தடவை. தவணைக் கணக்கைப் படியுங்கள்.

செர்டாங், மாணவி: ஆய்வேட்டுக்கு இரண்டு சமூகத்தையும் ஒப்பிடுகிறேன். எங்கே தவறு நடக்கும்?

நகரத்து வீட்டை நகரத்து வீட்டோடு வையுங்கள். மாநிலமும் ஒன்றாக இருக்கட்டும். பினாங்குச் சீனரையும் கெடா இந்தியரையும் ஒப்பிட்டால் அது இரண்டு மாநிலத்தின் ஒப்பீடு. வித்தியாசத்தை வெள்ளியில் எழுதாமல் விகிதத்தில் எழுதுங்கள். 1970இல் 90 வெள்ளி, 2019இல் 1,679 என்று எழுதினால் இடைவெளி பதினெட்டு மடங்கு பெருகியதாகத் தோன்றும், விகிதமோ குறைந்திருக்கிறது. வறுமை விழுக்காட்டை ஆண்டு தாண்டி ஒப்பிடும்போது கோட்டைப் பாருங்கள்: 2019 ஆய்வில் 980 வெள்ளியிலிருந்து 2,208க்கு ஏற்றினார்கள், நாட்டின் வறுமை 0.4இலிருந்து 5.6 விழுக்காடாக 'ஏறியது'. ஒரு வீடும் அன்று ஏழையாகவில்லை, அளவுகோல்தான் மாறியது. வருமானத்தோடு நிற்காமல், பெற்றோர் பெயரில் பட்டா இருந்ததா என்று ஒரு கேள்வியைச் சேருங்கள். வினாத்தாளில் ஒரு வரிதான் பிடிக்கும்.